சுவை இருக்கும் இடம்

'புலால் உணவை விட்டுவிட வேண்டும் என்று பலமுறை எண்ணினேன். சில வாரங்கள் விட்டும் இருந்தேன். பிறகு எப்படியோ பழைய வழக்கம் திரும்பிவிட்டது.' ஆன்மிக முகாம்களுக்கு வரும் அன்பர்களிடம் அடிக்கடி கேட்கும் சொற்கள் இவை. சொல்பவரின் குரலில் வெட்கம் இருக்கும். தமக்கு மனவுறுதி போதாது என்று அவர் தம்மைத் தாமே நொந்துகொள்வார்.

குறை மனவுறுதியில் மட்டும்தானா? உணவை மாற்றிக்கொண்ட அனுபவத்தைத் தாமே எழுதிவைத்த பெரியோர் சிலர் உண்டு. மாற்றத்தில் நிலைத்தவர்களும் அவர்களுள் உண்டு, நழுவியவர்களும் உண்டு. நழுவியதையும் மறைக்காமல் எழுதியதால் அவர்களது அனுபவம் நமக்குப் பாடமாகிறது. அத்தகைய நால்வரை இங்கே காண்போம்.

ஓராண்டில் முடிந்த விரதம்

கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த தத்துவ அறிஞர் செனெகா. முதுமையில் தம் நண்பர் லூசிலியசுக்கு அவர் எழுதிய கடிதங்களுள் 108-வது கடிதத்தில் தம் இளமை அனுபவம் ஒன்றைக் கூறுகிறார். சோடியன் என்ற ஆசிரியர் மறுபிறவிக் கொள்கையைப் பற்றி அவருக்குக் கற்பித்தார். 'உயிர்கள் மீண்டும் பிறப்பது உண்மையானால், புலாலை விடுவதால் நீ குற்றமற்றவன் ஆகிறாய். அது பொய்யானால், எளிய உணவுப் பழக்கம் உனக்கு லாபம். எப்படியும் உனக்கு இழப்பில்லை' என்பது அவரது வாதத்தின் சாரம். இளைஞர் செனெகா புலாலை விட்டார். ஓராண்டுக்குள் அந்தப் பழக்கம் எளிதாகவும் இனிதாகவும் ஆகிவிட்டது. மனமும் முன்னிலும் சுறுசுறுப்பாக இருப்பதுபோல் தோன்றியது.

ஆயினும் அது நீடிக்கவில்லை. திபேரியஸ் மன்னரின் ஆட்சியின் தொடக்கக் காலம் அது. அயல்நாட்டுச் சமயங்கள் ஒடுக்கப்பட்டன. சில விலங்குகளின் இறைச்சியை உண்ணாதிருப்பதும் அச்சமயங்களைச் சார்ந்திருப்பதன் அடையாளமாகக் கருதப்பட்டது. தந்தை வேண்டிக்கொண்டார், மகன் பழைய உணவுக்குத் திரும்பினார். அந்த மாற்றத்திற்குத் தம்மை இணங்கச் செய்வது தந்தைக்குக் கடினமாக இருக்கவில்லை என்று செனெகாவே ஒப்புக்கொள்கிறார்.

பதினெட்டாம் நூற்றாண்டின் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளினின் அனுபவம் வேறு விதமானது. ஏறக்குறைய 16 வயதில், தாமஸ் டிரையான் என்பவரின் நூலைப் படித்து அவர் சைவ உணவுக்கு மாறினார். அப்போது அண்ணனின் அச்சகத்தில் அவர் தொழில் பழகிக்கொண்டிருந்தார். தம் உணவுக்கு அண்ணன் செலவிடும் தொகையில் பாதியைத் தந்தால் போதும், தாமே சமாளித்துக்கொள்வதாகச் சொன்னார். அதிலும் பாதியை மிச்சம் பிடித்துப் புத்தகங்கள் வாங்கினார். மற்றவர்கள் உணவுக்குச் சென்ற வேளையில் ஒரு துண்டு ரொட்டியும் ஒரு பிடி உலர்ந்த திராட்சையும் உண்டுவிட்டுக் கணிதமும் தர்க்கமும் படித்தார்.

1723-இல் பாஸ்டன் நகரிலிருந்து கப்பலில் புறப்பட்டபோது சோதனை வந்தது. காற்றில்லாமல் கப்பல் நின்றுவிட, உடன் வந்தவர்கள் காட் என்னும் மீனைப் பிடித்து வறுத்தனர். முன்பு மீனை மிகவும் விரும்பி உண்டவர் அவர். மணம் இழுத்தது, கொள்கை தடுத்தது. பிடிபட்ட மீன்களின் வயிற்றில் சிறு மீன்கள் இருந்ததைக் கண்டது அவருக்கு நினைவு வந்தது. 'நீங்கள் ஒன்றையொன்று உண்ணும்போது நாங்கள் உங்களை ஏன் உண்ணக்கூடாது?' என்று மனம் ஒரு நியாயம் கண்டுபிடித்தது, வயிறார உண்டார். விரும்பியதற்கெல்லாம் காரணம் கண்டுபிடித்துக் கொடுப்பதால் பகுத்தறிவு எவ்வளவு வசதியானது என்று பிற்காலத்தில் தம்மைத் தாமே அவர் நகையாடிக்கொள்கிறார்.

செனெகாவின் விரதத்தைத் தளர்த்தியது சூழ்நிலை. பிராங்க்ளினின் விரதத்தைத் தளர்த்தியது நாவின் ஆசை. இருவரும் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். வாதத்தை மட்டும் நம்பி நிற்கும் விரதத்தை எதிர்வாதம் ஒன்று எளிதில் சாய்த்துவிடும் என்பதே இங்கே நாம் கற்க வேண்டிய பாடம்.

கண்டு வந்த உண்மை

ரஷ்ய எழுத்தாளர் லியோ டால்ஸ்டாய் வேட்டையில் பெருவிருப்பம் கொண்டிருந்தவர். ஐம்பது வயதைக் கடந்த பிறகே புலாலை விட்டவர். ஹோவர்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயர் 1883-இல் வெளியிட்ட உணவு அறம் பற்றிய நூலின் ரஷ்ய மொழிபெயர்ப்புக்கு அவர் ஒரு முன்னுரை எழுதினார். 1892-இல் வெளிவந்த அந்த நீண்ட கட்டுரையின் தலைப்பு 'முதற்படி'.

புலாலைப் பற்றிப் பேசுபவன் அது வரும் இடத்தையும் பார்த்திருக்க வேண்டும் என்று அவர் கருதினார். தூலா நகரின் இறைச்சிக்கூடத்திற்குப் போக எண்ணியும் தயங்கினார். தடுக்க இயலாத துன்பத்தை வேடிக்கை பார்ப்பதுபோல் போய் நிற்பதற்கு அவருக்கு வெட்கமாக இருந்தது. வழியில் அத்தொழிலுக்குப் புதியவனான ஒருவனைச் சந்தித்து, 'உனக்கு அந்த விலங்குகளின்மீது இரக்கம் தோன்றுவதில்லையா?' என்று கேட்டார். 'இரங்கி என்ன பயன்? செய்துதானே ஆகவேண்டும்' என்றான் அவன். புலால் இல்லாமலும் மனிதன் வாழ முடியும் என்று டால்ஸ்டாய் எடுத்துச் சொன்னதும் அவனது பேச்சு மாறியது. அந்த விலங்குகளின்மீது தனக்கு இரக்கம் தோன்றுவதாக ஒப்புக்கொண்டான். 'வேறு வழியில்லை' என்ற எண்ணம்தான் அவனது இரக்கத்தை மூடி வைத்திருந்தது. இறுதியில் டால்ஸ்டாய் அங்கே சென்றார். கண்டதை ஒளிக்காமல் எழுதினார்.

சைவ உணவே அறத்தின் முடிவு என்று அவர் கூறவில்லை. நல்வாழ்வுக்குப் படிகள் உண்டு. புலனடக்கம் இல்லாமல் மேற்படிகளில் ஏற முடியாது. அந்தப் பாதையில் உண்மையாகவே செல்பவன் தொடக்கத்திலேயே விடவேண்டியவற்றுள் ஒன்று புலால் என்பதே அவரது கருத்து. இதைப் படிக்கும்போது திருக்குறளின் அதிகார வரிசை நம் நினைவுக்கு வருகிறது. துறவறவியலில் 25-வது அதிகாரம் அருளுடைமை. 26-வது புலால் மறுத்தல். அதற்குப் பிறகே 27-வது அதிகாரமாகத் தவம் வருகிறது. அருள் முதலில் உள்ளத்தில் தோன்ற வேண்டும்; அது தட்டில் வெளிப்பட வேண்டும்; அதன்பின் தவம். 1908-இல் இந்தியர் ஒருவருக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில் டால்ஸ்டாய் குறளை எடுத்தாண்டிருக்கிறார் என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

சபதமும் சம்மதமும்

நான்காமவர் மகாத்மா காந்தி. தம் சத்திய சோதனையில் இந்த அனுபவத்தை அவர் விரிவாகவே எழுதியிருக்கிறார். ராஜ்கோட்டில் படித்த காலத்தில், 'ஆங்கிலேயர் புலால் உண்பதால்தான் வலிமையோடு நம்மை ஆள்கின்றனர்' என்று நண்பர் ஒருவர் சொன்னதை நம்பி, ஆற்றங்கரையில் மறைவாக ஆட்டிறைச்சியை உண்டார். அது தோல்போலக் கடினமாக இருந்தது. அன்றிரவு, வயிற்றுக்குள் உயிருள்ள ஆடு கத்துவதுபோலத் தோன்றித் திடுக்கிட்டு விழித்தார். ஆயினும் ஏறத்தாழ ஓராண்டு இது தொடர்ந்தது. பெற்றோரிடம் பொய் சொல்ல நேர்வதைப் பொறுக்க முடியாமல்தான் நிறுத்தினார். அப்போதும் புலால் தவறு என்ற எண்ணம் அவருக்கு இல்லை. பெற்றோரின் காலத்திற்குப் பிறகு வெளிப்படையாகவே உண்ணலாம் என்று எண்ணியிருந்தார்.

1888-இல் சட்டம் படிக்க லண்டனுக்குப் புறப்பட்டபோது, மது, மாது, மாமிசம் மூன்றையும் தீண்டுவதில்லை என்று தாயின் முன்னிலையில் சபதம் செய்தார். அங்கே பசி வாட்டியது. உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த காய்கறிகள் தொண்டையில் இறங்கவில்லை. நண்பர் ஒருவர் பெந்தாமின் நூலைப் படித்துக்காட்டி, இந்நாட்டு நிலைமை தெரியாத தாய்க்குக் கொடுத்த சபதம் செல்லாது என்று வாதிட்டார். அந்த வாதத்தை மறுக்க காந்திஜிக்குத் தெரியவில்லை. ஆனாலும் சபதத்தை விடவில்லை. நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து சைவ உணவகம் தேடினார். ஃபாரிங்டன் தெருவில் ஒன்றைக் கண்டதும், விரும்பிய பொருள் கைக்கு வந்த குழந்தையைப்போல மகிழ்ந்தார். வாசலருகே கண்ணாடிக்குள் விற்பனைக்கு வைத்திருந்த நூல்களுள், ஹென்றி சால்ட் சைவ உணவை ஆதரித்து எழுதிய நூலை ஒரு ஷில்லிங்கிற்கு வாங்கிக்கொண்டு உள்ளே போனார். இங்கிலாந்துக்கு வந்தபின் அவர் வயிறார உண்டது அன்றுதான்.

அந்த நூல் அவரது நிலையை மாற்றியது. அதுவரை தாய்க்குக் கொடுத்த வாக்குக்காகப் புலாலை ஒதுக்கியவர், அன்றுமுதல் தம் சொந்தச் சம்மதத்தால் சைவரானார். சபதம் அவரை ஆபத்தான காலத்தில் காத்தது. சம்மதம் அவரை வாழ்நாள் முழுவதும் நிறுத்தியது.

அதன்பின் நிகழ்ந்ததைச் சாதகர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். ஊரிலிருந்து வந்துகொண்டிருந்த இனிப்பையும் மசாலாவையும் அவர் நிறுத்திவிட்டார். முன்பு சப்பென்று தோன்றிய, மசாலா சேர்க்காமல் வேகவைத்த கீரை இப்போது இனித்தது. கீரை மாறவில்லை, நாவும் மாறவில்லை. சுவையின் உண்மையான இருப்பிடம் மனமே என்பதை இத்தகைய சோதனைகளால் அவர் கண்டறிந்தார். இடையில் முட்டை புலாலாகாது என்ற வாதத்தை நம்பி, சில நாட்கள் முட்டை உண்டதையும் அவர் மறைக்கவில்லை. சபதத்திற்குத் தாம் விரும்பிய பொருளைக் கொள்ளாமல், தாய் கொண்ட பொருளையே கொள்ள வேண்டும் என்று உணர்ந்ததும் அதை விட்டார். பிராங்க்ளினுக்கு வசதியான நியாயத்தை வழங்கிய அதே மனம்தான் இவரிடமும் பேசியது. இவர் அதை விசாரித்துப் பார்த்தார்.

1931 நவம்பரில் லண்டன் சைவ உணவுச் சங்கத்தில், அதே ஹென்றி சால்ட் அருகில் அமர்ந்திருக்க, காந்திஜி தம் அனுபவத்தின் முடிவைச் சொன்னார். உடல்நலத்திற்காக மட்டும் புலாலை விட்டவர்களே பெரும்பாலும் பழைய வழக்கத்திற்குத் திரும்பினார்கள். நிலைத்து நிற்பதற்கு அறம் அடிப்படையாக வேண்டும் என்பதே அது.

ஒரு தாயின் அடுப்படி

இவ்வரிகளை எழுதுபவனும் புலால் உண்ணும் குடும்பத்தில் பிறந்தவனே. கல்லூரியில் தத்துவம் படித்த நாட்களில் புலாலை விட்டுவிட்டு, விடுமுறைக்கு வீடு சென்றேன். மகன் வருகிறான் என்று அம்மா விடியற்காலையிலேயே மீன் வாங்கிவந்து குழம்பு வைத்திருந்தார். நான் தட்டைத் தள்ளிவிட்டு, ஜீவகாருண்யத்தைப் பற்றி நீண்டதொரு பிரசங்கம் செய்தேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. அன்று பகல் அவரும் உண்ணவில்லை. மாலையில் சமையலறைக்குள் சென்றபோது, புதிய சட்டி ஒன்றை எனக்கென்று தனியாக எடுத்துவைத்து, பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தார்.

மீனுக்கு இரங்கிய நான் தாய்க்கு இரங்கவில்லை. மீன் உண்ணும் அவரோ எனக்கு இரங்கினார். அன்று அகிம்சை எங்கள் இருவருள் யாரிடம் இருந்தது என்ற கேள்வி பல ஆண்டுகள் என்னைத் தொடர்ந்தது. அன்பர்களே, சைவ உணவுக்கு மாறுபவரை நாவின் ஆசையைவிட மிகுதியாக வீழ்த்துவது 'நான் தூயவன்' என்னும் அகங்காரமே. வங்கத்திலும் கடற்கரை ஊர்களிலும் மீன் அன்றாட உணவு. பிறர் தட்டைக் கண்டு அவரது உள்ளத்தை எடைபோடும் உரிமை நமக்கு இல்லை.

சாந்தோக்ய உபநிஷதம் ஆகாரத் தூய்மையால் உள்ளம் தூய்மை அடைவதாகக் கூறுகிறது. ஆகாரம் என்பதற்கு வாயால் உண்ணும் உணவு என்று பொருள் கொண்டு, அதன் குற்றங்களை நீக்கும்படி கூறுகிறது ஸ்ரீராமானுஜரின் மரபு. புலன்களின் வழியே உள்ளே செல்லும் அனைத்தும் ஆகாரமே என்கிறார் ஸ்ரீசங்கரர். இரண்டையும் சேர்த்துக்கொள்வதே நமக்கு நல்லது. வாயில் கீரையும் செவியில் வம்பும் ஏற்பவனின் விரதம் பாதி விரதமே.

உடலையும் மறவாதீர்கள்

மாறும்போது உடலின் தேவையையும் அறிந்து நடக்க வேண்டும். புலாலை நிறுத்திவிட்டு வெறும் சோறும் குழம்புமாக உண்பவர் சில வாரங்களில் சோர்ந்துபோவார். பழியைச் சைவ உணவின்மீது போடுவார். விட்ட இடத்தைப் பருப்பு, பயறு, கடலை, பால், தயிர், கீரை ஆகியவற்றால் நிரப்ப வேண்டும். கீரையோடும் பயறோடும் நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் இரும்புச்சத்து நன்கு உடலில் சேரும். பி12 என்னும் வைட்டமின் தாவர உணவில் இயல்பாகக் கிடைப்பதில்லை; பாலிலும் தயிரிலும் உண்டு. பாலையும் விட்டவர்கள் மருத்துவரின் ஆலோசனையோடு அதைத் தனியாகப் பெற வேண்டும். 1912-இல் பாலை விட்ட காந்திஜி, 1918-இல் தொடங்கிய கடும் நோயின்போது ஆட்டுப்பால் அருந்த நேர்ந்தது. விரதத்தின் சொல்லைக் காத்துப் பொருளை இழந்துவிட்டதாக அவர் வருந்தினார். பி12 கண்டறியப்பட்டதோ 1948-இல்தான். அவருக்குக் கிட்டாத அறிவு நமக்குக் கிட்டியிருக்கிறது, பயன்படுத்திக்கொள்வோம்.

இடையில் ஒருநாள் தவறினால் 'எல்லாம் போயிற்று' என்று சோர வேண்டாம். தவறியதை மறைக்காமல், எந்த நியாயம் நம்மை ஏமாற்றியது என்று பார்த்தால் போதும். அடுத்த வேளையிலிருந்து மீண்டும் தொடங்கலாம்.

சிந்தனைக்கு:

1. நான் புலாலை விட விரும்புவது எதற்காக? அந்தக் காரணம் என்னுடையதா, பிறர் சொன்னதா?

2. என் மனம் எனக்குச் சொல்லும் 'வசதியான நியாயம்' எது?

3. என் உணவு மாறியபின் வீட்டில் உள்ளவர்களிடம் என் பேச்சு மென்மையாகியிருக்கிறதா?

மூன்றாவது கேள்விக்கு உங்கள் வீட்டாரிடமே விடை கேளுங்கள். அவர்கள் 'ஆம்' என்றால், மாற்றம் வயிற்றைக் கடந்து உள்ளத்திற்குச் சென்றுவிட்டது என்று கொள்ளலாம்.