டேலியாவை உறங்க வைக்கும் நேரம், விதையை எழுப்பும் நேரம்

இங்கிலாந்தில் செப்டம்பர் வந்ததும் பலரும் தோட்டத்தை மறந்துவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு மே மாதத்திலிருந்தே வீட்டு ஜாடியில் சொந்தத் தோட்டத்துப் பூ இருக்க வேண்டும் என்றால், வேலை தொடங்குவதே அப்போதுதான். வேலை இரண்டு: டேலியாக் கிழங்கைக் குளிர்காலம் தாண்டிக் காப்பாற்றுவது, குளிர் தாங்கும் பூச்செடிகளை இப்போதே விதைப்பது. முதலாவது குளிருக்கு அஞ்சும். இரண்டாவதுக்குக் குளிர் வேண்டும். இரண்டையும் ஒரே மாதிரி நடத்துவதால்தான் பாதி இழப்பு. எந்தச் செடியின் பூர்வீகம் எது என்று தெரிந்துகொண்டால், கீழே சொல்லும் ஒவ்வொன்றுக்கும் காரணம் தானே விளங்கும்.

டேலியா மெக்சிகோவின் மேட்டு நிலத்துச் செடி. மாட்ரிட்டில் வளர்ந்ததைப் பார்த்து 1791இல் தாவரவியலாளர் கவானில்லெஸ் அதற்கு இந்தப் பெயரை வைத்தார். 1963இல் மெக்சிகோ அதைத் தேசிய மலராக அறிவித்தது. அந்த மேட்டு நிலத்தில் மழை கோடையில் பெய்யும், குளிர்காலம் வறண்டு கிடக்கும். மேலே செடி காய்ந்த பிறகு கிழங்கு உலர்ந்த மண்ணுக்குள் உறங்கும். இங்கிலாந்திலோ குளிர்காலம் முழுக்க மண் நசநசவென்று இருக்கும். டேலியாவைக் கொல்வதில் உறைபனிக்குச் சற்றும் குறையாத பங்கு இந்த ஈரத்துக்கு உண்டு.

டேலியா: செய்ய வேண்டியவை

• பூ இருக்கும்போதே பெயர்ச்சீட்டைக் கட்டிவிடுங்கள். உறைபனி விழுந்த மறுநாள் எல்லாச் செடியும் கறுத்துத் தொங்கும். ‘பிஷப் ஆஃப் லாண்டாஃப்’ என்ற சிவப்பு ரகம் எது, ‘கஃபே ஓ லே’ என்ற பாலேட்டு நிற ரகம் எது என்று கிழங்கை வைத்துச் சொல்ல முடியாது. இலையில் மஞ்சள் தேமலோடு குட்டையாக நின்ற செடிகளையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். அது வைரஸாக இருக்கலாம். கிழங்கோடு அடுத்த ஆண்டுக்கும் தொடரும். அவற்றைச் சேமிக்க வேண்டாம்.

• இலைகள் கருகியதும் சில நாள் விட்டு, தண்டைத் தரையிலிருந்து 10 முதல் 15 செ.மீ. உயரத்தில் வெட்டுங்கள். லண்டன் போன்ற இதமான இடங்களில் உறைபனி தாமதமாகும் ஆண்டுகளும் உண்டு. நவம்பர் பிற்பாதி வந்துவிட்டால் காத்திருக்காமல் எடுத்துவிடலாம்.

• தோண்டும்போது தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி ஃபோர்க்கை இறக்கி, நாலாபுறமும் நெம்பித் தூக்குங்கள். எடுத்த கொத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். பழைய தண்டின் அடியில், கிழங்குகள் எல்லாம் வந்து சேரும் இடத்தில், தடித்த வளையம் போல ஒரு பகுதி இருக்கும். அடுத்த ஆண்டுக்கான முளைக்கண்கள் அங்கே மட்டும்தான் உண்டு. உருளைக்கிழங்குக்கு உடம்பெங்கும் கண். டேலியாக் கிழங்கின் உடம்பில் ஒன்றுகூடக் கிடையாது. கிழங்கை அந்த வளையத்தோடு இணைக்கும் கழுத்து மிக மெல்லியது, சில ரகங்களில் பென்சில் பருமன்தான். கழுத்து ஒடிந்துவிட்டால் கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் முளைக்காது. தண்டைப் பிடித்து இழுக்காதீர்கள் என்று தோட்டக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

• தண்டு உள்ளே குழலாக இருப்பதால் அதில் நீர் தேங்கும். அழுகல் அங்கிருந்துதான் கீழே இறங்கும். கொத்தைத் தலைகீழாக வைத்து, உறைபனி எட்டாத, காற்றோட்டமுள்ள கொட்டகையில் இரண்டு மூன்று வாரம் உலர விடுங்கள்.

• பிறகு மரப்பெட்டியிலோ அட்டைப்பெட்டியிலோ உலர்ந்த மணல், மரச்சீவல், பழைய கம்போஸ்ட் ஏதாவது ஒன்றில் புதைத்து, 5 முதல் 10 டிகிரி செல்சியஸ் உள்ள இருட்டான இடத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறை கையால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று அமுங்கினால் அந்தப் பகுதியை நல்ல சதை தெரியும்வரை வெட்டி எறியுங்கள். தோல் மிகவும் சுருங்கியிருந்தால் லேசாகத் தண்ணீர் தெளித்தால் போதும்.

டேலியா: செய்யக்கூடாதவை

• காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள். பைக்குள் வியர்த்து, பூஞ்சணம் பிடிக்கும்.

• பாய்லர் இருக்கும் அலமாரி, ஹீட்டர் ஓடும் அறை வேண்டவே வேண்டாம். பாசத்தோடு வீட்டுக்குள் கொண்டுவந்த கிழங்கு ஜனவரிக்குள் வற்றிவிடும்.

• கிழங்கைப் பிரிக்க இலையுதிர்காலத்தில் அவசரப்படாதீர்கள். மார்ச், ஏப்ரலில் தொட்டியில் வைத்ததும் முளைக்கண் பருத்துத் தெரியும். அப்போது துண்டுக்கு ஒரு கண்ணாவது வருமாறு பிரிப்பது எளிது.

• களிமண் நிலத்தில் கிழங்கை அப்படியே விட்டுவிடாதீர்கள். தென் இங்கிலாந்தில் நீர் நன்றாக வடியும் பாத்தியில் 15 செ.மீ. மூடாக்குப் போட்டு விட்டுவைக்கலாம், பெரும்பாலும் பிழைத்துவிடும். லண்டனின் களிமண் நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். டொராண்டோ பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு இந்தப் பேச்சே இல்லை. அங்கே நிலமே உறைந்துபோகும், தோண்டி எடுத்துத்தான் ஆக வேண்டும்.

விதைப்பு: செய்ய வேண்டியவை

டேலியா ஜூலையில்தான் பூக்கத் தொடங்கும். மே, ஜூன் மாதங்களை நிரப்புவது இலையுதிர்காலத்தில் விதைத்த செடிகள். கார்ன்ஃப்ளவர், கருஞ்சீரகத்தின் உறவான நைஜெல்லா, கொத்தமல்லிக் குடும்பத்து அம்மி, லார்க்ஸ்பர், கலெண்டுலா, ஸ்வீட் பீ: இவற்றில் பெரும்பாலானவை மத்தியதரைக் கடலைச் சுற்றிய பகுதிகளைச் சேர்ந்தவை. அங்கே இலையுதிர்கால மழையில் முளைத்து, குளிர்காலத்தில் தரையோடு ஒட்டிக் கிடந்து, கோடை காய்வதற்குள் பூத்து முடிப்பதே இவற்றின் வழக்கம். நாம் செப்டம்பரில் விதைப்பது அந்த வழக்கத்துக்கு வழிவிடுவதுதான். வசந்தத்தில் விதைத்த செடியைவிட வேர் ஆழமாக இறங்கும், தண்டு நீளும், பூவும் சில வாரம் முந்தும். கொய்மலருக்குத் தண்டின் நீளம்தான் முக்கியம்.

• ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் முடிவதற்குள் நேரடியாகப் பாத்தியில் விதையுங்கள். லண்டனில் அக்டோபர் இறுதி முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை பகல் 10 மணி நேரத்துக்கும் குறைவு. செடி ஏறக்குறைய வளராமல் நிற்கும். அதற்குள் நாற்று உள்ளங்கை அகலத்துக்காவது வந்திருக்க வேண்டும்.

• வரிசையாக விதையுங்கள். எது நாற்று, எது களை என்று அப்போதுதான் பிரித்தறியலாம்.

• இப்போது 15 செ.மீ. இடைவெளிக்குக் கலைத்துவிட்டு, வசந்தத்தில் 30 செ.மீ. ஆக்குங்கள். நடுவில் நத்தைகளும் குளிரும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும்.

• ஸ்வீட் பீயை மட்டும் அக்டோபர், நவம்பரில் ஆழமான தொட்டியில் போடுங்கள். அதன் வேர் நீளமாக ஓடும். 1699இல் சிசிலித் துறவி குப்பானி இந்த விதையை அனுப்பியது வட லண்டனின் என்ஃபீல்டில் இருந்த பள்ளி ஆசிரியர் ராபர்ட் யுவிடேலுக்கு. இன்று என்ஃபீல்டில் தோட்டம் வைத்திருக்கும் தமிழர்களுக்கு இது பக்கத்துத் தெருச் செய்தி. இரண்டு மூன்று ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், பக்கக் கிளைகள் அடியிலிருந்தே வெடிக்கும். எலி விதையைத் தோண்டித் தின்னும். முளைக்கும்வரை கம்பிவலை போட்டு மூடுங்கள்.

விதைப்பு: செய்யக்கூடாதவை

• துலுக்கச் சாமந்தி, ஜின்னியா, காஸ்மாஸ் இவற்றை இப்போது விதைக்காதீர்கள். மூன்றும் டேலியாவைப் போலவே மெக்சிகோ பக்கத்துச் செடிகள். முதல் உறைபனியிலேயே போய்விடும். இவற்றுக்கு ஏப்ரல் வரை பொறுங்கள்.

• ஸ்வீட் பீ நாற்றைச் சமையலறை ஜன்னலில் வளர்க்காதீர்கள். வெப்பம் அதிகம், வெளிச்சம் குறைவு. வெளுத்து நெடுநெடுவென்று வளர்ந்து சாயும். முளைத்ததும் சூடேற்றாத கண்ணாடிக் குடிலுக்கு மாற்றிவிடுங்கள். லேசான உறைபனி அதை ஒன்றும் செய்யாது.

• லார்க்ஸ்பரைத் தட்டில் முளைக்கவைத்துப் பிடுங்கி நடாதீர்கள். வேரைத் தொட்டால் அதற்குப் பிடிக்காது. பழைய விதையும் வேண்டாம். அதன் முளைப்புத்திறன் சீக்கிரம் குறையும்.

• இலையுதிர்காலத்தில் தழைச்சத்து உரம் போடாதீர்கள். இளசாகக் கொழுத்த தழையைத்தான் உறைபனி முதலில் எரிக்கும்.

• அம்மியை வெயிலில் வெறுங்கையோடு அறுக்காதீர்கள். அதன் சாறு பட்ட தோலில் வெயிலும் பட்டால் கொப்புளம் எழும். கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொள்ளுங்கள்.

• ஸ்வீட் பீயின் காய் பார்ப்பதற்குப் பச்சைப் பட்டாணி மாதிரியே இருக்கும், ஆனால் விதை நச்சுள்ளது. பேரக்குழந்தைகள் ஓடியாடும் தோட்டமென்றால் வாடிய பூவை உடனுக்குடன் கிள்ளி, காய்க்க விடாமல் பாருங்கள்.