ஆற்று மணலும் அறநோன்பும்: 21ஆம் பிரிவு தரும் பாடம்

நம் நாட்டின் அரசியலமைப்புச் சட்டத்தில் 21ஆம் பிரிவு அளவிற் சிறியது. சட்டம் வகுத்த நடைமுறையின் வழியே அன்றி, எவருடைய உயிரையும் தன்னுரிமையையும் பறித்தல் ஆகாது என்பதே அதன் சாரம். இச்சிறிய பிரிவை வாயிலாகக் கொண்டு ஆறுகளின் தூய்மை நீதிமன்றம் ஏறியது. அதே பிரிவைக் காட்டி நம் சமயத்தின் சல்லேகனை நோன்பும் குற்றக் கூண்டில் நிறுத்தப்பட்டது. ஒரே பிரிவு இருவேறு வகையில் எவ்வாறு பயன்பட்டது? நீதிமன்றம், அரசியல், மக்களின் உரிமை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று எவ்வாறு உருவாக்குகின்றன? இவற்றை நம் இல்லறத்தார் அறிந்திருத்தல் இன்றியமையாதது என்று கருதி இப்பாடத்தை எழுதுகிறோம்.

ஸ்ரீவைகுண்டத்தின் ஆறு

கழுகுமலைப் பாறைச் சிற்பங்களால் நாம் நன்கறிந்த தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணிக் கரையில் அமைந்த ஊர் ஸ்ரீவைகுண்டம். அவ்வாற்றின் குறுக்கே உள்ள எட்டு அணைக்கட்டுகளுள் கடைசி அணைக்கட்டு இவ்வூரில் உள்ளது. அங்கிருந்து பிரியும் வடகாலும் தென்காலும் நெல் வயல்களையும் வாழைத் தோட்டங்களையும் வளர்க்கின்றன. அதற்குக் கீழே ஆறு, முத்துக் குளித்தலால் பெயர் பெற்ற பழைய கொற்கைத் துறையின் பகுதியைக் கடந்து, புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது.

ஆற்று மணல் வீடு கட்டும் பொருள் மட்டுமன்று. வெள்ளம் போன பின்னும் நீரைத் தன்னுள் தேக்கி வைப்பது மணற்படுகையே. அதில் இறக்கப்பட்ட உறைகிணறுகளே பல ஊர்களுக்குக் குடிநீர் தருகின்றன. அளவுக்கு மீறி மணல் அள்ளினால் ஆற்றின் மட்டம் தாழ்கிறது. கரையோரக் கிணறுகளும் தாழ்கின்றன. கால்வாய்த் தலைப்புகளில் நீர் ஏறுவது அரிதாகிறது. கடலை அடுத்த பகுதியில் உவர்நீர் உட்புகுகிறது.

தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டில் ஆற்று மணல் குவாரிகளை அரசே ஏற்று, பொதுப்பணித்துறையின் வழியாக நடத்தத் தொடங்கியது. தனியார் சுரண்டலைத் தடுப்பதே அதற்குக் கூறப்பட்ட நோக்கம். ஆயினும் ஆற்றைக் காக்க வேண்டிய அரசே மணலை விற்கும் அரசாகவும் ஆயிற்று. இந்நிலையில் குறையுற்ற மக்கள் யாரிடம் முறையிடுவது?

இவ்வினாவுக்கு விடை தேடியவர் ஸ்ரீவைகுண்டத்தில் 1925ஆம் ஆண்டில் பிறந்த திரு. இரா. நல்லகண்ணு அவர்கள். இந்தியக் கம்யூனிஸ்டு கட்சியின் மாநிலச் செயலாளராக 13 ஆண்டுகள் பணியாற்றியவர். தேர்தலில் நின்றும், சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ உறுப்பினராக ஒருபோதும் அமராதவர். அவர் தாமிரபரணியில் மணல் அள்ளுவதை எதிர்த்துச் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் பொதுநல வழக்குத் தொடுத்து, தாமே நின்று வாதாடினார். 2010 டிசம்பரில் அந்நீதிமன்றம் தாமிரபரணியில் மணல் அள்ளுவதற்கு ஐந்தாண்டுத் தடை விதித்தது. சட்டமன்றத்தில் இடம் பெறாத ஓர் அரசியல் தலைவர், நீதிமன்றத்தின் வழியாக அரசை விடை கூறச் செய்தார்.

கதவு திறந்த வரலாறு

தமக்கென ஓர் இழப்பும் காட்டாது, ஓர் ஆற்றுக்காக ஒருவர் வழக்குத் தொடுக்க முடியும் என்பது அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த 1950ஆம் ஆண்டில் எவரும் எண்ணாத ஒன்று. இக்கதவு திறந்த வரலாறு வியப்புக்குரியது.

1975 ஜூன் மாதத்தில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. எதிர்க்கட்சித் தலைவர்கள் விசாரணையின்றிச் சிறையில் அடைக்கப்பட்டனர். அவர்கள் சார்பில் ஆட்கொணர்வு மனுக்கள் நீதிமன்றங்களை அடைந்தன. 1976 ஏப்ரல் 28 அன்று உச்சநீதிமன்றம், நெருக்கடி நிலைக் காலத்தில் 21ஆம் பிரிவின் பேரில் எவரும் நீதிமன்றத்தை அணுக இயலாது என்று தீர்ப்பளித்தது. ஐவருள் நால்வர் அவ்வாறு கூற, நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டு நின்றார். அவருக்கு வரவேண்டிய தலைமை நீதிபதிப் பதவி 1977 ஜனவரியில் அவருக்கு இளையவரிடம் சென்றது. அவர் பதவி விலகினார்.

அதே 1976ஆம் ஆண்டில் 42ஆவது திருத்தம் நிறைவேறியது. நீதிமன்றங்களின் கைகளைக் கட்டுவது அதன் முதன்மை நோக்கங்களுள் ஒன்று. எனினும் அத்திருத்தமே, சுற்றுச்சூழலைக் காப்பது அரசின் கடமை என்னும் 48அ பிரிவையும், ஆறு, ஏரி, காடு, வனவிலங்கு ஆகியவற்றைக் காத்து, உயிர்களிடத்து இரக்கம் கொள்வது குடிமக்கள் கடமை என்னும் 51அ பிரிவையும் சேர்த்தது. நீதிமன்றத்தை ஒடுக்க விழைந்த திருத்தம், பிற்காலத்தில் நீதிமன்றம் ஆறுகளைக் காக்க எடுத்தாளும் கருவிகளையும் அதன் கையில் தந்துவிட்டது.

1977 தேர்தலில் மக்கள் ஆட்சியை மாற்றினர். 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தம், நெருக்கடி நிலையிலும் 21ஆம் பிரிவை நீதிமன்றத்தில் நிலைநாட்டும் உரிமையை நிறுத்தி வைக்க இயலாது என்று ஆக்கியது. அவ்வாண்டே மேனகா காந்தி வழக்கில் உச்சநீதிமன்றம், சட்டம் வகுத்த நடைமுறை என்றால் அது நேர்மையும் நியாயமும் உடைய நடைமுறையாக இருத்தல் வேண்டும் என்று விரித்துரைத்தது. அடுத்து, பாதிக்கப்பட்டவருக்காகப் பிறர் வழக்குத் தொடுக்கலாம் என்னும் பொதுநல வழக்குமுறை வளர்ந்தது. அதை வளர்த்தவர்களுள் முதன்மையானவர் நீதிபதி பி.என். பகவதி. 1976இல் அந்நால்வருள் அவரும் ஒருவர் என்பதை ஈண்டு நினைவு கூர்தல் தகும்.

1991ஆம் ஆண்டில் சுபாஷ் குமார் வழக்கில், மாசற்ற நீரும் காற்றும் பெறுவது உயிர்வாழும் உரிமையுள் அடங்கும் என்று உச்சநீதிமன்றம் கூறியது. 1996ஆம் ஆண்டில் வேலூர்த் தோல் பதனிடும் ஆலைகளைப் பற்றிய வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பீடு தரவேண்டும் என்னும் நெறியை நிலைநாட்டியது. ஆரணி, வந்தவாசி, செய்யாறு வட்டாரங்களில் வாழும் நம் குடும்பங்களுக்குப் பாலாற்றின் நிலை புதிதன்று. மக்கள் வாக்கு, நாடாளுமன்றத் திருத்தம், நீதிமன்றத் தீர்ப்பு ஆகிய மூன்றும் மாறி மாறித் தள்ளியதாலேயே அக்கதவு திறந்தது.

தீர்ப்பால் மட்டும் இயலாதது

ஆயினும் தீர்ப்பு ஏட்டில் இருக்கிறது. ஆறோ இரவும் பகலும் வெளியில் கிடக்கிறது. நீதிமன்றத்திடம் காவலரும் இல்லை, கருவூலமும் இல்லை. தடையாணையை நடைமுறைப்படுத்துவோர் வட்டாட்சியரும் காவல்துறையினரும் கிராம நிர்வாக அலுவலருமே.

2023 ஏப்ரல் 25 அன்று, ஸ்ரீவைகுண்டத்திற்கு மேற்கே தாமிரபரணிக் கரையில் உள்ள முறப்பநாடு பகுதியில், மணல் கடத்தலைப் பற்றிப் புகார் அளித்த கிராம நிர்வாக அலுவலர் ஒருவர் தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் தூத்துக்குடி நீதிமன்றம் குற்றவாளிகள் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதித்தது. தண்டனை விரைவில் கிடைத்தது நன்றே. ஆனால் சட்டத்தைக் காத்த ஓர் அலுவலரின் உயிரை, அந்த 21ஆம் பிரிவு காக்கும் உயிரை, எத்தீர்ப்பும் மீட்டுத் தாராது. அதிகாரத்தில் இருப்போர் உறுதியுடன் நிற்காவிடில், தீர்ப்பின் சுமை முழுவதும் கடைநிலையில் தனித்து நிற்கும் அலுவலரின் தோளில் விழுகிறது.

மற்றொன்றும் உண்டு. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் பல்லாண்டுகளாகப் படிந்த வண்டலை அகற்ற வேண்டும் என்று உழவர்கள் நெடுநாள் வேண்டினர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணையைத் தொடர்ந்து 2015ஆம் ஆண்டில் தூர்வாரும் பணி தொடங்கியது. உடனே, தூர்வாருதல் என்னும் பெயரால் மணல் கொள்ளை போகிறது என்ற முறையீடும் எழுந்தது. மணலை எடுக்காதே என்பதும் ஆற்றின் நலனுக்கே. வண்டலை எடு என்பதும் ஆற்றின் நலனுக்கே. இரண்டையும் வேறுபடுத்திக் காட்டும் கண் கரையில் வாழும் மக்களிடமே உள்ளது. அவர்கள் கண்மூடினால் நல்ல ஆணையும் பிறர் கைக்கருவியாகிவிடும்.

அதே கதவு, நம் வாயிலில்

இனி நம் சமயத்திற்கு வருவோம். 2006ஆம் ஆண்டில் ராஜஸ்தான் உயர்நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்குத் தொடுக்கப்பட்டது. வடநாட்டில் சந்தாரா என வழங்கும் சல்லேகனை நோன்பு தற்கொலையே; உயிர்வாழும் உரிமையைக் கூறும் 21ஆம் பிரிவுக்கு அது மாறானது என்பது அவ்வழக்கின் வாதம். உயிர்வாழும் உரிமையுள் உயிர்விடும் உரிமை அடங்காது என்று உச்சநீதிமன்றம் 1996ஆம் ஆண்டில் கியான் கவுர் வழக்கில் கூறியிருந்தது. 2015 ஆகஸ்டு 10 அன்று உயர்நீதிமன்றம், சந்தாரா சமண சமயத்தின் இன்றியமையாத ஒழுகலாறு என்று காட்டப்படவில்லை எனக் கூறி, அதைத் தற்கொலைக் குற்றமாகக் கருதி நடவடிக்கை எடுக்குமாறு மாநில அரசைப் பணித்தது.

நம்மவர் திகைத்தனர். மூப்பினாலோ தீராத நோயினாலோ உடல் தளர்ந்த நிலையில், வெகுளியும் ஆசையும் நீக்கி, எவரிடத்தும் பகை கொள்ளாது, படிப்படியாக உணவைக் குறைத்து மேற்கொள்ளும் நோன்பும், துயரின் வேகத்தில் உயிரை மாய்த்துக்கொள்ளுதலும் ஒன்றல்ல என்பது நம் குடும்பங்களில் சிறுவரும் அறிந்தது. அதை நீதிமன்றத்தின் மொழியில் எடுத்துரைப்பது எவ்வாறு என்பதே அன்று நம் முன் நின்ற வினா.

அதற்கும் ஒரு வழி முன்னரே அமைந்திருந்தது. 1954ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் இரு தீர்ப்புகளை வழங்கியது. ஒன்று சென்னை மாநில இந்து அறநிலையச் சட்டத்தின்மேல் எழுந்த சிரூர் மட வழக்கு. மற்றொன்று, சமணக் கோயில் ஒன்றின் நிர்வாகியான ரதிலால் காந்தி பம்பாய் அரசின்மேல் தொடுத்த வழக்கு. ஒரு சமயத்திற்கு இன்றியமையாதது எது என்பதை அச்சமயத்தின் கோட்பாட்டைக் கொண்டே அறிதல் வேண்டும் என்னும் கருத்து அத்தீர்ப்புகளில் இடம்பெற்றது. தம் கோயில் நிர்வாகத்துக்காக ஒருவர் நடத்திய வழக்கு, 60 ஆண்டுகளுக்குப் பின் நம் நோன்புக்கு ஆதாரமாயிற்று.

2015 ஆகஸ்டு 24 அன்று நாட்டின் பல நகரங்களில் சமணர்கள் அமைதி ஊர்வலம் சென்றனர். அதுவும் அரசியலமைப்பு தந்த உரிமையே. உச்சநீதிமன்றத்தில் மேல்முறையீடுகள் செய்யப்பட்டன. ஆகஸ்டு 31 அன்று உச்சநீதிமன்றம் உயர்நீதிமன்றத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. நிறுத்தி வைத்தல் இறுதி முடிவு அன்று என்பதை நாம் மறத்தல் கூடாது.

இல்லறத்தார் கொள்ள வேண்டியவை

தாமிரபரணிக்காகத் திறந்த கதவும் சல்லேகனைக்கு எதிராகத் திறந்த கதவும் ஒன்றே. நமக்கு உவப்பான வழக்கு வரும்போது பொதுநல வழக்கைப் போற்றுவதும், உவப்பற்றது வரும்போது அக்கதவையே அடைக்க வேண்டும் என்பதும் முறையாகா. அக்கதவு அடைபட்டால் 1976இன் நிலை மீளும். அது திறந்தே இருக்க வேண்டும். அதனுள் சென்று உண்மையை எடுத்துரைக்கும் ஆற்றலை நாம் பெற வேண்டும். ஒரு பொருளைப் பல நோக்கில் காண்பதே அநேகாந்தம். நோன்பைப் புறத்தே நின்று கண்டவர்க்கு அகத்தே நின்று காட்ட வேண்டிய கடமை நம்முடையது.

நிலத்தையும் நீரையும் ஓரறிவுயிர் என்று கற்றவர் நாம். மிகுபொருள் வரைதலை விரதமாகக் கொண்டவர் நாம். அக்கரையின் ஆற்றுக்கும், கொல்லப்பட்ட அலுவலருக்கும் குரல் கொடாமல், நம் நோன்புக்கு மட்டும் உரிமை கேட்போமாயின், அவ்வுரிமை நம்மளவில் சுருங்கிவிடும். பிறர் உரிமைக்காக நாடு வகுத்த நெறியே நம் உரிமைக்கும் அரணாகிறது. எனவே வீட்டில் மகாவிரதங்களையும் அணுவிரதங்களையும் கற்பிக்கும்போது, அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளையும் கடமைகளையும் பிள்ளைகளுக்கு உடன் கற்பிக்க வேண்டுகிறோம்.

சிந்தனைக்கு

1. நீதிமன்றத்தை ஒடுக்க வந்த 42ஆவது திருத்தம், ஆறுகளைக் காக்க எவ்வாறு உதவிற்று?
2. மணல் அள்ளத் தடை இருந்தால் மட்டும் ஆறு காக்கப்படுமா? வேறு யாருடைய உதவி வேண்டும்?
3. சல்லேகனைக்கும் தற்கொலைக்கும் உள்ள வேறுபாட்டை, நம் சமயத்தை அறியாத ஒருவருக்கு ஐந்து வாக்கியங்களில் எழுதிக் காட்டுக.

அறம் வளர்க!