தெர்மோஸ்டாட்டில் கை வைக்கும் முன்

கோயமுத்தூரில் கார் ட்யூனிங்கில் இறங்கும் தம்பிகள் ஏர் ஃபில்டர் மாற்றி, சைலன்சர் மாற்றி முடித்ததும் அடுத்து வந்து நிற்பது இந்தக் கேள்வியோடுதான்: “ண்ணா, 88 டிகிரி வால்வைக் கழட்டிட்டு 71 போட்டா பவர் ஏறுங்களா?” ரோட்டில் ஓட்டும் காருக்கு வேண்டாம் என்பேன். டிராக்குக்கென்றே கட்டிய காருக்குக் கொஞ்சம் குறைந்த சூட்டு வால்வு போடலாம், ஆனால் மற்ற வேலையெல்லாம் முடிந்த பிறகு. காரணங்களைக் கீழே எழுதியிருக்கிறேன்.

1. முதலில் அந்தத் தெர்மோஸ்டாட் வால்வைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் இருக்கும் பித்தளைக் குப்பிக்குள் மெழுகு. சூடேறினால் மெழுகு உருகி விரியும், ஊசியைத் தள்ளும், தகடு திறக்கும். விளிம்பில் பொறித்திருக்கும் 82, 88 என்பது திறக்கத் தொடங்கும் சூடுதான். முழுதாகத் திறக்க இன்னும் 10, 15 டிகிரி ஏற வேண்டும். எஞ்சின் இதற்குக் கீழே ஆறிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அதற்கு இட்ட வேலை. மேலே எவ்வளவு ஏறும் என்பது ரேடியேட்டர், பம்ப், ஃபேன் மூன்றின் கையில். 105 டிகிரியில் 88 வால்வும் முழுசாகத் திறந்திருக்கும், 71 வால்வும் முழுசாகத் திறந்திருக்கும். அதற்கு மேலும் ஹீட் ஆகிறது என்றால் குற்றம் வால்வு மேல் இல்லை.

2. “முன்கூட்டியே திறந்தா முன்கூட்டியே ஆறுமே” என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 71க்கும் 88க்கும் வித்தியாசம் 17 டிகிரி; ஆறு லிட்டர் தண்ணீர் அவ்வளவு ஏற சுமார் 430 கிலோஜூல் வேண்டும். நூறு குதிரைத்திறன் எஞ்சினை முழு ஆக்சிலரேட்டரில் மிதித்தால் விநாடிக்கு 50, 60 கிலோஜூல் கூலண்டில் இறங்கும். ஏழெட்டு விநாடியில் நீங்கள் சேர்த்து வைத்த குளிர்ச்சி காலி. பிளாக், ஹெட் என்று உலோகத்தையும் சேர்த்துக்கொண்டால்கூட அரை நிமிடம் தாண்டாது. செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேயில் ஒரு சுற்று முடிவதற்குள் பழைய இடத்துக்கே வந்துவிடுவீர்கள்.

3. அவினாசி ரோட்டு சிக்னலில் நிற்கும்போது சூட்டை முடிவு செய்வது ஃபேன். அது எந்தச் சூட்டில் ஓட வேண்டும் என்பது இசியுவில் எழுதியிருக்கிறது; பல கார்களில் 95க்கு மேல்தான். வால்வை மட்டும் மாற்றினால் நெடுஞ்சாலையில் காற்று அடிக்கும்போது எண் குறையும், நெரிசலில் அதே பழைய எண். டாஷ்போர்டு முள்ளையும் நம்ப வேண்டாம். கொஞ்சம் ஏறி இறங்கினாலும் நடுவிலேயே நிற்கும்படிதான் பல கம்பெனிகள் அதை வைத்திருக்கின்றன. ஓபிடி ஸ்கேனரைச் செருகி உண்மையான எண்ணைப் படியுங்கள்.

4. இசியுவுக்குச் சொல்லாமல் சூட்டைக் குறைத்தால் அது எஞ்சின் இன்னும் வார்ம்-அப்பில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். பெட்ரோலைக் கூட்டும், சில கார்களில் டர்போ பூஸ்ட்டைக்கூட அடக்கி வைக்கும். கொஞ்ச நாளில் செக் எஞ்சின் விளக்கு எரியும். ஸ்கேன் செய்தால் பி0128, அதாவது கூலண்ட் போதிய சூட்டுக்கு வரவில்லை. காசு கொடுத்து மந்தமான காரை வாங்கிய கதை.

5. அப்படியானால் அமெரிக்காக்காரன் ஏன் 160 ஃபாரன்ஹீட் வால்வு போடுகிறான்? நியாயமான கேள்வி. 160 என்பது நம் கணக்கில் 71. 1986, 87ஆம் வருடத்து ப்யூக் கிராண்ட் நேஷனல் போன்ற டர்போ கார்களில் அது பழகிப்போன மாற்றம். ஹெட் குளிர்ந்திருந்தால் நாக்கிங் தள்ளிப்போகும். நாக்கிங் தள்ளிப்போனால் இக்னிஷன் டைமிங்கைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவரலாம், பூஸ்ட் ஏற்றலாம். பவர் அங்கிருந்துதான் வருகிறது, வால்விலிருந்து இல்லை. அதற்கு ஏற்றபடி இசியுவில் மேப் எழுதாவிட்டால் வால்வு சும்மா உட்கார்ந்திருக்கும்.

குளிர வேண்டியது ஹெட்தான், எஞ்சின் முழுக்க இல்லை. ஜிஎம் 1992இல் கொண்டுவந்த எல்டி1 எஞ்சினில் ஆறிய கூலண்டை முதலில் ஹெட்டுக்கு அனுப்பி, பிறகு பிளாக்குக்கு இறக்கினார்கள். ஃபோக்ஸ்வாகன் டிஎஸ்ஐ எஞ்சின்கள் பலவற்றில் இரண்டு தெர்மோஸ்டாட்: ஹெட்டுக்கானது சீக்கிரம் திறக்கும், பிளாக்குக்கானது தாமதமாகத் திறக்கும். ஹெட் ஆறினால் நாக்கிங் குறைகிறது, பிளாக் சூடாக இருந்தால் ஆயில் இளகி உராய்வு குறைகிறது. பிஎம்டபிள்யூவில் மெழுகுக்குள்ளேயே ஹீட்டர் வைத்து, மெதுவாக ஓட்டும்போது சூட்டை ஏற விட்டு, மிதித்தால் இறக்குகிறான். நீங்கள் செய்ய நினைப்பதை அவன் 1990களிலேயே செய்து கொடுத்தாயிற்று. இப்படிப்பட்ட காரில் போய் ஒற்றைச் சூட்டு வால்வைத் திணிப்பது இருப்பதைக் கெடுப்பது.

6. ஆயிலை நினைத்துப் பாருங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. அதில் ஒரு துளி ரிங்கைத் தாண்டி சம்ப்பில் இறங்கும். ஆயில் நூறு டிகிரியை ஒட்டி ஓடினால் அது ஆவியாகிப் போய்விடும். குளிர்ந்தே ஓடினால் அங்கேயே தங்கி ஸ்லட்ஜ் ஆகும். ஆயில் மூடிக்கு அடியில் பால் கலந்த டீ நிறத்தில் வழவழவென்று ஒட்டியிருப்பது அதுதான். இப்போது பங்க்கில் வருவது இ20. எத்தனால் ஆவியாகப் பெட்ரோலைவிட அதிகச் சூடு வேண்டும் என்பதால் குளிர்ந்த சிலிண்டர் சுவர் இன்னும் மோசம். ஆர்.எஸ்.புரத்திலிருந்து காந்திபுரம் போய்த் திரும்பும் காருக்கு 71 வால்வு போடச் சொல்பவர் உங்கள் எஞ்சினை நினைத்துப் பேசவில்லை.

7. எல்லாவற்றையும்விட மோசமானது வால்வைக் கழட்டிக் குப்பையில் போடுவது. “நம்ம ஊர் வெயிலுக்கு இதெல்லாம் தேவையில்லை தம்பி” என்று சொல்லும் மெக்கானிக் இன்றும் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். பல வால்வுகளின் அடியில் இன்னொரு சின்னத் தகடு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேல் தகடு திறக்கும்போது அது இறங்கி பைபாஸ் வழியை அடைக்கும். வால்வே இல்லையென்றால் பைபாஸ் திறந்தே கிடக்கும். கூலண்டில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். சூட்டைக் குறைக்கக் கழட்டியது சூட்டை ஏற்றிவிடும்.

இதற்கு இன்னொரு விளக்கமும் உலவுகிறது: தண்ணீர் வேகமாக ஓடினால் சூட்டை இழுக்க நேரம் கிடைக்காதாம். அது தப்பு, வேகமாக ஓடினால் கூடுதலாகத்தான் இழுக்கும். ரேஸ் காரில் வால்வுக்குப் பதில் ஓட்டை போட்ட தகடு வைப்பது பிளாக்குக்குள் அழுத்தம் நிற்பதற்காக. அழுத்தம் விழுந்தால் எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றி ஆவிக் குமிழ் கட்டும், அங்கேதான் ஹெட் வெடிக்கும்.

8. வால்வில் கை வைக்கும் முன், முதலில் ரேடியேட்டர் மூடியை மாற்றுங்கள். ரப்பர் போன மூடி அழுத்தத்தைப் பிடிக்காது. ஒரு பார் அழுத்தம் நின்றால் வெறும் தண்ணீரே 120 டிகிரிக்குத்தான் கொதிக்கும். பிறகு ரேடியேட்டர், ஃபேன் உறை, ஹோஸ், கூலண்ட். சிறுவாணித் தண்ணீர் குடிக்க அமிர்தம், ரேடியேட்டருக்கு டிஸ்டில்டு வாட்டர்தான்.

9. இவ்வளவுக்கும் பிறகு டிராக் காருக்குப் போடுவதென்றால் ஒரு படி மட்டும் இறங்குங்கள்: 88 இருந்த இடத்தில் 82, மிஞ்சினால் 76. ஃபேன் எண்ணையும் மேப்பில் சேர்த்து இறக்கச் சொல்லுங்கள். புது வால்வானாலும் நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு அடுப்பில் வையுங்கள். தகடு எந்த எண்ணில் அசைகிறது, எந்த எண்ணில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஊட்டித் தம்பிகள் கவனிக்கவும்: அங்கே தண்ணீர் 93க்கு முன்னாலேயே கொதித்துவிடும். 88 வால்வு பாதி திறந்து நின்றால் வால்வைத் திட்டாதீர்கள்.

மாட்டும்போது மெழுகுக் குப்பி எஞ்சின் பக்கம். விளிம்பில் ஆடும் சின்ன ஊசி இருந்தால் அது மேல் பக்கம், காற்று வெளியேற அதுதான் வழி. ரப்பர் பேக்கிங் புதிது.

10. மாட்டிய பிறகு ஸ்கேனரோடு கோத்தகிரி ஏறி, செகண்ட் கியரில் மேட்டுப்பாளையம் இறங்குங்கள். இறக்கம் முழுக்க எண் 75க்குக் கீழேயே கிடந்தால் பழைய வால்வைத் திரும்ப மாட்டிவிடுங்கள். அதனால்தான் கழட்டியதைத் தூக்கிப் போடாமல் டிக்கியில் வைத்திருக்கச் சொல்கிறேன், பேக்கிங்கும் ஒன்று கூடவே.