நம் கம்பத்துக் கதை

2007ஆம் ஆண்டு, உபின், இபின் என்ற இரட்டையர்கள் மலேசியத் தொலைக்காட்சியில் அறிமுகமாயினர். அன்று ஐந்து வயதில் அத்தொடரை ரசித்த பிள்ளைகள், ‘கெரிஸ் சியாமாங் துங்கால்’ என்ற அசைவூட்டத் திரைப்படம் 2019 மார்ச்சில் வெளிவந்தபோது பதினேழு வயதை எட்டியிருந்தனர். தம்பி தங்கையரை அழைத்துச் செல்வதாகச் சொல்லி, அவர்களைவிட ஆவலாகத் திரையரங்கிற்குச் சென்றவர்களும் உண்டு.

கெரிஸ் என்பது மலாய்க்காரர்களின் குறுவாள். அதைக் கண்டெடுக்கும் இரட்டையர்கள், மெய் மெய், ஜர்ஜிட் முதலிய நண்பர்களோடு ஒரு மாய நாட்டை அடைகின்றனர். அங்கே நாட்டுப்புறக் கதைமாந்தரான மாட் ஜெனினையும் சந்திக்கின்றனர்.

சிறந்த அசைவூட்டப் படத்துக்கான ஆஸ்கார் விருதுப் போட்டிக்குச் சமர்ப்பிக்கப்பட்ட 32 படங்களுள் இதுவும் ஒன்று. பல இனப் பிள்ளைகள் கூடி விளையாடும் நம் கம்பத்துக் கதையை உலகமும் பார்க்கிறது என்பதே ரசிகர்களின் பெருமை. உங்கள் ஊர்க் கதை படமானால், யாருடன் பார்க்கச் செல்வீர்கள்?