எழுத்துச் சீட்டுக்கட்டு

மாரியோ என்னும் பாத்திரத்தை அறியாத சிறுவர் அரியர். அவ்விளையாட்டை உருவாக்கிய நின்டென்டோ நிறுவனம் 1889 ஆம் ஆண்டு ஜப்பானின் கியோட்டோ நகரில் தொடங்கப்பெற்றது. அன்று கணினி இல்லை. அந்நிறுவனம் விற்றது, கையால் செய்த ஹனஃபுடா என்னும் மலர்ச் சீட்டுகளையே. திங்களுக்கு நான்கு வீதம் பன்னிரு திங்களுக்கும் 48 சீட்டுகள் ஒரு கட்டில் இருந்தன.

கர்நாடகத்திற்கும் இத்தகைய மரபு உண்டு. கஞ்சிஃபா எனப்படும் வட்டச் சீட்டுகளில் மைசூரு மன்னர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) பெரிதும் ஈடுபாடு கொண்டிருந்தார். அவர் வகுத்த புதிய ஆட்டங்கள் ‘ஸ்ரீதத்துவநிதி’ நூலின் கௌதுகநிதிப் பகுதியில் இடம்பெற்றுள்ளன. தசாவதாரக் கஞ்சிஃபாவில் அவதாரத்திற்கு ஓர் இனமாகப் பத்து இனங்கள் உண்டு. ஓர் இனத்தில் அரசன், அமைச்சன், ஒன்று முதல் பத்து வரையிலான எண்கள் எனப் பன்னிரண்டு சீட்டுகள், ஆக 120.

தமிழின் உயிரெழுத்துகளும் பன்னிரண்டே. க, ச, த, ப என்னும் நான்கு வரிசைகளை நான்கு இனங்களாகக் கொண்டால், ‘க’ முதல் ‘பௌ’ வரை 48 சீட்டுகள் கிடைக்கும்.

உருவம் வரைதல்

பழைய காணொளி விளையாட்டுக் கருவிகளின் நினைவகம் மிகச் சிறியது. எனவே உருவங்களைச் சிறு கட்டங்களால் அமைத்தனர். 8 × 8 கட்டத்தில் 64 சதுரங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒளிரும் அல்லது இருளும்; ஆகவே ஓர் உருவத்திற்கு எட்டு பைட் போதும். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் சதுரங்களுக்கு வண்ணம் தீட்டி இவ்வாறே வரையலாம். க இனத்திற்குக் கப்பல், ச இனத்திற்குச் சக்கரம், த இனத்திற்குத் தவளை, ப இனத்திற்குப் பந்து.

அச்சிடுதல்

சீட்டின் அளவு 63 × 88 மி.மீ. ஓர் ஏ4 தாளில் ஒன்பது சீட்டுகள் அடங்கும். ஆறு தாள்களில் 54 சீட்டுகள் வரும். எஞ்சும் ஆறும் ஜோக்கர்கள். கெட்டித் தாளில் அச்சிட வேண்டும். மெல்லிய தாளாயின் அட்டையில் ஒட்டிய பின்னரே வெட்ட வேண்டும்.

ஆடும் முறை

இருவர் முதல் நால்வர் வரை ஆடலாம். ஒவ்வொருவருக்கும் எட்டுச் சீட்டுகள். தம் முறையில் ஒரு சீட்டை எடுத்து, சொல் அமைந்தால் உரக்கப் படித்து, பொருள் கூறி இறக்க வேண்டும். கதை, பாதை, காசு, பாதுகை போன்றவை அமையும். ஜோக்கரை எவ்வெழுத்தாகவும் கொள்ளலாம். ‘க’, ஜோக்கர், ‘தி’ சேர்ந்தால் ‘கத்தி’ ஆகும். கைச்சீட்டுகளை முதலில் முடிப்பவரே வென்றவர்.

பெங்களூரில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் பலர் வீட்டில் தமிழும் வீதியில் கன்னடமும் பேசுவர். ஆயினும் நாவில் உள்ள சொல்லைத் தாளில் கண்டால் தயங்குவோரும் உளர். ஊரிலிருந்து பாட்டி எழுதியதைப் பிறர் படித்துச் சொல்லக் கேட்கும் நிலை அவர்களுக்கு நேர்கிறது. இவ்வாட்டத்தில் படிக்காமல் எச்சீட்டையும் இறக்க இயலாது. கன்னடத்திலும் ‘காகுணித’ என்னும் எழுத்துவரிசை இருப்பதால், அடுத்த வீட்டுத் தோழரும் எளிதில் கற்றுச் சேர்ந்து ஆடலாம்.

அருஞ்சொற்பொருள்

அரியர் – மிகச் சிலர்
திங்கள் – மாதம்
பாதுகை – காலணி

விடையளிக்க

1. நின்டென்டோ தொடக்கத்தில் எதனை விற்றது?
2. தசாவதாரக் கஞ்சிஃபாவில் 120 சீட்டுகள் அமைவது எவ்வாறு?
3. உயிர்மெய் எழுத்துகள் 216க்கும் சீட்டுச் செய்ய எத்தனை தாள்கள் வேண்டும்?

செயல்பாடு

க, ச, த, ப வரிசை எழுத்துகளால் மட்டும் அமையும் பத்துச் சொற்களை வீட்டில் உள்ள பெரியோரிடம் கேட்டு எழுதுக.