தேடத் தெரிந்த சட்டத்தரணி: மன்னார்ச் சட்ட மாணவருக்கு நூலக வழி

இந்திய இழுவைப் படகு ஒன்றின் வழக்கு மன்னார் நீதவான் நீதிமன்றத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சீனியர் உங்களைக் கூப்பிட்டு, "இதுக்கு எந்தச் சட்டம் பொருந்தும், பார்த்துச் சொல்லும் தம்பி" என்கிறார். நாளைக் காலை வழக்கு. கைபேசியில் தேடினால் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டம் முதலில் வரும். அதை மட்டும் வாசித்துக் குறிப்பெழுதிக் கொடுத்தால் சீனியர் நீதிமன்றத்தில் திணறுவார்.

ஏனென்றால் வெளிநாட்டுப் படகுகளுக்கு 1979ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் தனியாக இருக்கிறது. 2018ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் அதைத் திருத்தி, படகின் நீளத்தைப் பொறுத்து அபராதத்தைப் பெரிதும் உயர்த்தியது. இழுவைமடித் தொழிலுக்கான தடை 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தில் வந்தது. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் பழைய பிரதியை எவ்வளவு புரட்டினாலும் அந்தத் தடை அகப்படாது. படகு பிடிபட்ட இடம் எல்லைக்கு இந்தப் பக்கமா என்ற கேள்வி எழுந்தால் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட இரண்டு கடல் எல்லை உடன்படிக்கைகளையும் பார்க்க வேண்டும். பாக்கு நீரிணைப் பக்கத்துக்கு 1974ஆம் ஆண்டினது, மன்னார் வளைகுடாவுக்கு 1976ஆம் ஆண்டினது.

ஒரு சட்டம் இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியும்வரை அதைக் கண்டுபிடித்ததாகச் சொல்லக்கூடாது. கனிஷ்ட சட்டத்தரணியாகச் சேருபவருக்கு முதல் சில வருடங்களில் கிடைக்கும் வேலையில் பெரும்பகுதி இப்படித் தேடிக் கொடுப்பதுதான். எழுந்து நின்று வாதாடும் வாய்ப்பு பிறகுதான் வரும். தேடலில் நம்பிக்கை பெற்ற கனிஷ்டரிடம்தான் சீனியர் அடுத்த கோப்பையும் கொடுப்பார்.

பாடநூலிலிருந்து தொடங்குங்கள்

நேரே தீர்ப்புகளுக்குள் குதிக்காதீர்கள். பொருளை விளக்கும் நூல் ஒன்றை முதலில் எடுங்கள். அதன் அடிக்குறிப்புகள் உங்களுக்குச் சட்டங்களின் பெயரையும் வழக்குகளின் பெயரையும் ஒருங்கே தந்துவிடும். இலங்கைச் சட்ட முறைமையின் வரலாற்றுக்கு த. நடராஜா 1972இல் எழுதிய நூலும், தமிழர் வழமைச் சட்டங்களுக்கு எச். டபிள்யூ. தம்பையாவின் நூல்களும் இன்றும் நல்ல தொடக்கம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகம் போன்ற இடங்களில் இவற்றைக் கேளுங்கள்.

பழகிப் பார்க்க மன்னாருக்கே உரிய கேள்வி ஒன்று: மன்னார்த் தமிழருக்குத் தேசவழமை பொருந்துமா? தேசவழமை ஒல்லாந்தர் காலத்தில், 1707 அளவில், கிளாஸ் ஐசாக்ஸ் என்பவரால் தொகுக்கப்பட்டது. பிரித்தானியர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதை ஏற்றார்கள். யாழ்ப்பாண மாகாணம் என்று அந்தக் காலத்தில் எதைச் சொன்னார்கள், மன்னார் அதற்குள் அடங்குமா என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. தம்பையாவில் தொடங்கி, 1806ஆம் ஆண்டு ஒழுங்குவிதிக்குப் போய், 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தையும் 1947ஆம் ஆண்டுத் திருத்தத்தையும் பார்த்து, பிறகு 19ஆம் நூற்றாண்டுத் தீர்ப்புகளுக்கு வாருங்கள். இதை முழுமையாகச் செய்து முடிக்கும் மாணவர், நூலகத்தின் எல்லா அடுக்குகளையும் ஒருமுறை தொட்டிருப்பார். காணி, சீதனம், முதுசம் பற்றிய வழக்குகளோடு கட்சிக்காரர் வரும்போது இந்த உழைப்பு கைகொடுக்கும்.

சட்டத்தின் உரை

பழைய கட்டளைச் சட்டங்களுக்கு 1956ஆம் ஆண்டின் திருத்திய சட்டத் தொகுப்பு பெரிய நூலகங்களில் இருக்கும். 1980 வரையான தொகுப்பும் உண்டு. அதற்குப் பிந்தியவற்றை ஆண்டுவாரியாகத்தான் தேட வேண்டும். அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் வர்த்தமானிகளும் சட்டங்களும் மும்மொழியிலும் கிடைக்கின்றன. பாராளுமன்றத் தளத்தில் சட்டங்களோடு ஹன்சாட்டும் உண்டு. சட்டத்தின் பெயரில் "திருத்தம்" என்ற சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள். பிறகு அதன் கீழ் வெளியான ஒழுங்குவிதிகளுக்கு அதிவிசேட வர்த்தமானிகளைப் பாருங்கள். கடற்றொழில் விடயத்தில் வலையின் வகை, அனுமதிப்பத்திரம் போன்ற நுட்பங்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

தமிழில் அச்சான சட்டத்தின் கடைசிப் பிரிவைப் பாருங்கள். உரைகளுக்கிடையே ஒவ்வாமை இருந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்று அங்கே எழுதியிருக்கும். எனவே வழக்கு ஒரு சொல்லில் தொங்கும்போது மூன்று மொழிப் பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். சிங்களம் தெரியாவிட்டால் தெரிந்த நண்பரை உட்கார்த்திக்கொள்ளுங்கள். மூன்று பிரதிகளும் ஒரே மேசையில் கிடைப்பதால் இந்த வேலைக்கு நூலகமே வசதி.

உரையோடு நின்றுவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குப் பாரதூரமான உதாரணம் அடிப்படை உரிமை மனு. அரசியலமைப்பின் 126(2)ஆம் உறுப்புரை ஒரு மாதக் கெடு வைக்கிறது. இதை மட்டும் வாசித்தவர், ஒரு மாதம் கடந்து வரும் கட்சிக்காரரைத் திருப்பி அனுப்பிவிடுவார். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தையும் வாசித்தவருக்கு 13ஆம் பிரிவு தெரியும்: அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டிருந்தால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கெடுவில் சேராது. அவர் நிம்மதியாக இருந்துவிடுவார். தீர்ப்புகளையும் தேடியவருக்குத்தான் மிச்சம் தெரியும். வடமாகாண ஆளுநரை எதிர்மனுதாரராகக் கொண்ட 261/2013ஆம் இலக்க அடிப்படை உரிமை வழக்கில், முறைப்பாடு கொடுத்தது மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நிலுவையில் இருந்ததைக் காட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2014 செப்டெம்பரில் சொன்னது. அதற்குப் பிறகு வந்த தீர்ப்புகளையும் பார்த்துவிட்டே ஆலோசனை சொல்லுங்கள். மூன்று படிகளில் ஒன்றைத் தவறவிட்டாலும் பாதிக்கப்படுவது காணி பறிபோன ஒரு குடும்பமாக இருக்கலாம்.

தீர்ப்புகள்

1978க்கு முந்திய தீர்ப்புகளுக்கு நியூ லோ ரிப்போட்ஸ், பிந்தியவற்றுக்கு ஸ்ரீ லங்கா லோ ரிப்போட்ஸ் என்பது பொது வழி. இரண்டின் பெரும்பகுதியும் கொமன்லீ (CommonLII) இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நூலில் அச்சாகாத புதிய தீர்ப்புகளை உயர் நீதிமன்றத்தினதும் மேன்முறையீட்டு நீதிமன்றத்தினதும் சொந்தத் தளங்களில் வழக்கிலக்கம் கொண்டு தேடலாம்.

எங்கள் கரைக்கு இன்று மிகத் தேவையான தேடல் சுற்றாடல் பற்றியது. தம்பபவனி காற்றாலைகள் மன்னார்த் தீவில் சுழல்கின்றன. புதிய காற்றாலைகளையும் கனிய மணல் அகழ்வையும் எதிர்த்து மக்கள் தெருவில் இருந்திருக்கிறார்கள். வங்காலைச் சரணாலயம் 2010 முதல் ராம்சார் ஈரநிலம். இதில் வேலை செய்ய விரும்பும் மாணவர் எப்பாவல பொஸ்பேற் வழக்கிலிருந்து தொடங்கட்டும். அது ஸ்ரீ லங்கா லோ ரிப்போட்ஸின் 2000ஆம் ஆண்டு 3ஆம் தொகுதியில் 243ஆம் பக்கத்தில் இருக்கிறது. இயற்கை வளங்களை அரசு மக்களுக்காகப் பொறுப்பில் வைத்திருக்கிறது என்ற கோட்பாட்டை அங்கே விரிவாக வாசிக்கலாம். பிறகு மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் 291/2015ஆம் இலக்க எழுத்தாணை வழக்குக்கு வாருங்கள். மன்னார் மாவட்டக் கல்லாறு வனப்பகுதி பற்றி 2020 நவம்பர் 16ஆம் திகதி வந்த தீர்ப்பு அது. 1990இல் வெளியேற்றப்பட்ட மக்களின் மீள்குடியேற்றமும் காடும் எதிரெதிரே நின்ற வழக்கு. தீர்ப்பின் முடிவை மட்டும் எடுத்துக்கொள்ளாமல் இரு தரப்பு வாதங்களையும் தனித்தனியே குறித்துவையுங்கள். நாளை நீங்கள் எந்தப் பக்கம் நிற்பீர்கள் என்று தெரியாது.

பழைய தொகுதிகளை ஒதுக்காதீர்கள். 1758இல் வெளியான வாட்டெலின் சர்வதேசச் சட்ட நூல், கடலின் ஒரு பகுதி ஒரு நாட்டுக்குச் சொந்தமாகலாம் என்பதற்கு இலங்கையின் முத்துக்குளிப்பையும் சான்றாகக் காட்டுகிறது. பாக்கு விரிகுடாச் சங்குப் படுக்கைகளில் சங்கு எடுத்தது திருட்டா என்ற கேள்வி அன்னக்குமாரு பிள்ளை எதிர் முத்துப்பயல் என்ற வழக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இந்தியன் லோ ரிப்போட்ஸ், மதராஸ் தொகுதி 27இல் 551ஆம் பக்கம். எங்கள் கடல் உலகச் சட்ட நூல்களில் நூற்றாண்டுகளாக இருந்து வருகிறது. மன்னார் மாணவர்தான் அதை முதலில் எடுத்து வாசிக்க வேண்டியவர்.

நூலகரிடம் கேட்பது

"மீன்பிடிச் சட்டம் ஏதும் இருக்கா மிஸ்?" என்று கேட்டால் ஒரு தட்டைக் காட்டி விடுவார்கள். "1979ஆம் ஆண்டு 59ஆம் இலக்கச் சட்டமும் அதன் திருத்தங்களும் தேவை, இணையத்தில் இவ்வளவு பார்த்துவிட்டேன்" என்று கேட்டால் நூலகர் உங்களோடு சேர்ந்து தேடுவார். பார்த்த தொகுதி, தேடிய சொல், திகதி, கிடைத்தது, கிடைக்காதது எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். கொழும்புக்கு ரயில் ஏறுமுன் எந்தத் தொகுதியில் எந்தப் பக்கம் வேண்டும் என்ற பட்டியல் கையில் இருக்கட்டும்.

நீதிமன்றத்தில் உங்கள் மொழி தமிழ். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை அதை வடக்குக்கும் கிழக்குக்கும் உறுதிசெய்கிறது. தீர்ப்பு நூல்களோ ஆங்கிலத்தில். ஆகவே வாசிக்கும் ஒவ்வொரு தீர்ப்புக்கும் சம்பவம், கேள்வி, முடிவு, காரணம் என்று ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கம் எழுதி வையுங்கள். நீதவான் முன் அதே சொற்கள் வாயில் வரும்.

நூலகத்தில் இல்லாதது அலுவலகத்தில் இருக்கும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தால் 14 வேலை நாள்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை மக்கள் பார்வைக்கு 30 நாள் மட்டுமே வைக்கப்படும். அந்த நாள்களைத் தவறவிடாதீர்கள்.

கடைசியாக மன்னாரின் மூத்த சட்டத்தரணிகளுக்கும் நகரசபைக்கும் ஒரு வேண்டுகோள். பொது நூலகத்தில் ஒரு சட்டத் தட்டை அமையுங்கள். மும்மொழியில் அரசியலமைப்பு, தண்டனைச் சட்டக்கோவை, சாட்சியக் கட்டளைச் சட்டம், 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, கடற்றொழிற் சட்டங்கள் திருத்தங்களோடு, ஒரு கணினி. உங்கள் அறைகளில் தூசி படியும் பழைய தீர்ப்புத் தொகுதிகளையும் அங்கே கொடுங்கள். பேசாலையிலிருந்தும் வங்காலையிலிருந்தும் சட்டம் படிக்கும் பிள்ளைகள் ஒரு பக்கத்துக்காக யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் அலையாமல் இருக்க இவ்வளவும் போதும்.