சொந்த சர்வர் தேவையா?

கேள்வி: எங்கள் உதிரிபாகப் பட்டறையின் டெலிவரிப் பதிவுக்குச் சிறிய வெப் ஆப் ஒன்றை டாக்கர் கன்டெய்னராக்கி வைத்திருக்கிறோம். சர்வர் வாங்குவதா, சர்வர்லெஸ் கிளஸ்டரில் ஏற்றுவதா?
– வாசகர், சாகண், புனே

பதில்: சர்வர்லெஸ்தான் உங்களுக்குப் பொருந்தும். சாகணின் வாகன ஆலைகளுக்குச் சரக்கு அனுப்பும் பட்டறையில் வேலை ஷிஃப்டை ஒட்டி ஏறி இறங்கும். சொந்த சர்வரோ இரவு பகலாக மின்சாரமும் பராமரிப்பும் கேட்கும். 2017-இல் வந்த அமேசானின் சர்வர்லெஸ் சேவையான ஃபார்கேட், ஒதுக்கிய சிபியுவுக்கும் மெமரிக்கும் கன்டெய்னர் ஓடும் நொடிகளைக் கணக்கிட்டே கட்டணம் வாங்குகிறது. 2019-இல் வந்த கூகுளின் கிளவுட் ரன், ஆப்பை யாரும் திறக்காதபோது பூஜ்ஜியம் வரை சுருங்கிவிடும். உங்கள் கன்டெய்னர் இமேஜை ரெஜிஸ்ட்ரியில் ஏற்றி, போர்ட்டையும் மெமரியையும் குறிப்பிட்டால் ஆப் இயங்கத் தொடங்கும். அடியிலுள்ள சர்வரைப் பழுதுபார்ப்பது சேவை தரும் நிறுவனத்தின் வேலை. இமேஜுக்குள் இருக்கும் மென்பொருளைப் புதுப்பிப்பது உங்கள் வேலை.

பூஜ்ஜியத்திலிருந்து எழும்போது முதல் பக்கம் தாமதமாகுமே என்பார்கள். உண்மைதான், ஷிஃப்ட் நேரத்தில் ஒரு கன்டெய்னரை விழித்திருக்க வைத்தால் அது தீரும். ஒரே நிறுவனத்திடம் சிக்கிக்கொள்வோமே என்ற அச்சமும் நியாயமானது. ஆனால், கன்டெய்னர் இமேஜுக்குப் பொதுத் தரம் இருப்பதால் அதை வேறிடத்தில் ஓட்டலாம். தரவை மட்டும் கன்டெய்னருக்குள் வைக்காதீர்கள். அது மறையும்போது தரவும் போய்விடும். ஆப்பையும் தனி டேட்டாபேஸையும் ஒரே மும்பை தரவு மையத்தில் வையுங்கள். நாள் முழுதும் ஒரே சீரான சுமை வரும் காலத்தில் மட்டும் வாடகை சர்வர் மலிவாகலாம். அப்போது கணக்குப் போட்டு மாறிக்கொள்ளுங்கள்.